சுமாரான சீட்டு

"சுமாரான சீட்டு வந்தா எங்க வீட்டுக்காரர் என்ன பண்ணுவார்ணே? எறங்குவாரா, கவுத்துருவாரா?"

தையற்கடையின் பின்னறையில் காசு வைத்துப் போக்கர் சீட்டு ஆடிக்கொண்டிருந்த நால்வரும் நிமிர்ந்து பார்த்தார்கள். கேட்டவள் கையில் கணவனின் புகைப்படம். அவன் இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை என்று சொல்லிக்கொண்டேதான் உள்ளே வந்திருந்தாள்.

"சனிக்கிழமை ஆனா தையற்கடையில ஆட்டம்னு கிளம்பிருவார். வீட்டுக்கு வந்து, 'இன்னைக்கு ஒம்பதும் பத்தும் வந்துச்சு, ஆடாமக் கவுத்துட்டேன்'னு கதை கதையாச் சொல்வார். எனக்கு ஒரு இழவும் புரியாது. இருந்தாலும் கேட்டுட்டிருப்பேன். இங்க எப்படி இருந்தார்னு ரெண்டு வார்த்தை சொன்னீங்கன்னா மனசு ஆறும்."

மருந்துக்கடைக்காரர் தன் சீட்டையே உற்றுப் பார்த்தார். பஸ் ஓட்டுநருக்குத் திடீரென்று இருமல் வந்தது. வாத்தியாருக்கு விட்டத்தில் ஏதோ வேலை இருந்தது. மிச்சம் தையற்காரர்தான்.

ஆட்டத்தில் அவர் மகா ஜாக்கிரதைக்காரர். முதலில் பந்தயம் சொல்ல வேண்டிய முறை வந்தால் சுமாரான சீட்டைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். மற்றவர்கள் ஒதுங்கி, தான் கடைசி ஆளாக இருந்தால் மட்டும் துணிந்து இறங்குவார். இப்போதும் மூன்று பேரும் ஒதுங்கிவிட்டார்கள். அவளை வெறுங்கையோடு அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை.

புகைப்படத்தை வாங்கிக்கொண்டார்.

"உக்காரும்மா. அவசரமே கிடையாது மனுஷனுக்கு. சுமாரான சீட்டுன்னா சிரிச்சுக்கிட்டே கவுத்துருவார். 'சாமியாரே, நீ எப்பத்தான்யா ஆடப் போறே'ன்னு நாங்க ஓட்டுவோம்."

"ஐயோ, அப்படியேதான் அவர்!" அவள் அழுகையும் சிரிப்புமாகக் கேட்டாள். "ஒரு சனிக்கிழமைகூடத் தவறலையாண்ணே?"

"மழை கொட்டினாலும் வந்துருவார்."

அவள் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"வயித்துல பாலை வார்த்தீங்கண்ணே. ஒருத்தி கைக்குழந்தையோட எங்க வீட்டு வாசல்ல உக்காந்திருக்கா. சனிக்கிழமையெல்லாம் அவர் அவ கூடத்தான் இருந்தாராம். குழந்தை அவரோடதாம். போக்கிடம் இல்ல, ஒரு மூலையில கிடக்கறேன்னு கெஞ்சறா. பச்சப் புள்ளையப் பாத்து நானும் மனசு இளகிட்டேன், உள்ள சேத்துக்கலாம்னுகூட நெனச்சேன். இப்ப அவ வண்டவாளம் தெரிஞ்சுபோச்சு. கழுத்தைப் பிடிச்சு வெளிய தள்ளிட்டுத்தான் மறுவேலை!"

கும்பிட்டுவிட்டு விடுவிடுவென்று தெருவில் இறங்கினாள்.

"அவளைக் கூப்பிடுய்யா!" என்று வாத்தியார் பதறினார்.

தையற்காரர் எழுந்தார். வாசல்வரை போய் நின்றுவிட்டார். கூப்பிட்டு என்னவென்று சொல்வது? அவள் மறந்து விட்டுப்போன புகைப்படம் மேஜைமேல் கிடந்தது. அந்த முகத்தை நால்வரில் ஒருவர்கூட இன்றைக்கு முன் பார்த்ததே இல்லை.