கழுத்துவரை பொத்தான்

காலையில் வந்த இரண்டு பைகளையும் கடைக்காரம்மா மத்தியானம்தான் பிரித்தாள்.

கொண்டு வந்தவர் கண்ணாடி போட்ட, பதவிசான மனிதர். மனைவி தவறிவிட்டாள், இதையெல்லாம் வீட்டில் வைத்துக்கொண்டு பார்க்க முடியவில்லை, காசு எதுவும் வேண்டாம் என்றார். கதவுப் பிடியைத் தொட்ட கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

துணிகளை அவரே மடித்திருந்தார். ஓரத்தோடு ஓரம் சேர்த்து, இஸ்திரி கலையாமல். பெண்டாட்டியைப் பறிகொடுத்த ஆண்கள் பொதுவாகக் கைக்கு வந்ததைச் சுருட்டித் திணித்துக்கொண்டுதான் வருவார்கள். இவர் கொஞ்சம் நிதானமான ஆள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

முதல் சட்டையை ஹேங்கரில் மாட்டினாள்.

போனவர்களின் துணி என்றால் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டுத்தான் மாட்டுவது. அந்தப் பழைய துணிக் கடையில் அது வழக்கம். அதைப் பார்த்தாலே வாடிக்கைக்காரர்களுக்குப் புரிந்துவிடும். மனசு ஒப்பாதவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள், ஒப்பியவர்கள் பேரம் பேசாமல் வாங்கிப் போவார்கள். யாரும் யாரையும் எதுவும் கேட்க வேண்டியதில்லை.

கீழிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வந்த விரல் மேல் பொத்தானில் நின்றுவிட்டது.

மற்றதெல்லாம் வெள்ளை. அது மட்டும் ஊதா.

அது யார் கைவேலை என்று அவளுக்குத் தெரியும்.

சிவப்புச் சீட்டு. அப்படித்தான் அந்தப் பெண்ணுக்குக் கடையில் பெயர். புதிதாக மாட்டும் துணிக்கு மஞ்சள் விலைச் சீட்டு, விற்காவிட்டால் அடுத்த வாரம் நீலம், அதற்கும் அசையாவிட்டால் சிவப்பு, பாதி விலை. சிவப்பு விழாமல் அவள் ஒரு துணியும் எடுத்தது கிடையாது. வாரம் தவறாமல் வருவாள். பிடித்த சட்டையின் காலரை, சொந்தக்காரரை நலம் விசாரிப்பது போலத் தடவிக்கொடுத்துவிட்டுப் போவாள். நடுவில் வேறு யாராவது தூக்கிக்கொண்டு போய்விட்டால் ஒரு பெருமூச்சு, அவ்வளவுதான்.

வாங்கிவிட்டாலோ வருஷக்கணக்கில் விடமாட்டாள். மேல் பொத்தானை மட்டும் பிய்த்துவிட்டு வேறு நிறத்தில் ஒன்று தைத்துக்கொண்டால் பழசும் தன்னுடையதாகிவிடுகிறதாம். வீட்டில் கேட்டால் பெரிய கடையில் தள்ளுபடியில் எடுத்ததாகச் சொல்லிவிடுவாள். வீட்டுக்காரருக்கு அடுத்தவர் உடுத்தியது என்றாலே குமட்டிக்கொண்டு வருமென்று சொல்லிச் சிரிப்பாள்.

கடைக்காரம்மா பைகளைக் கவிழ்த்தாள். ஒவ்வொரு சட்டையிலும் மேல் பொத்தான் வேறு நிறம். எல்லாம் இந்தக் கடையிலிருந்து, சிவப்புச் சீட்டோடு, அந்தப் பெண் வாங்கிப் போனவை.

ஸ்டூலில் உட்கார்ந்து புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சாகிற வயசா அது. போன வாரம்கூட வந்து வாயடித்துவிட்டுப் போனாளே.

கதவில் கட்டியிருந்த மணி அடித்தது.

"என்னக்கா, கண்ணெல்லாம் கலங்கியிருக்கு?"

வாசலில் சிவப்புச் சீட்டு நின்றுகொண்டிருந்தாள். சாம்பல் நிறக் கோட்டில் மழைத்துளிகள், கையில் சாப்பாட்டு டப்பா, முகத்தில் அதே சிரிப்பு. ஆபீஸில் சாப்பாட்டு நேரம், ஓடி வந்திருக்கிறாள்.

கடைக்காரம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தன்னைத்தானே மனசுக்குள் திட்டிக்கொண்டாள். நல்லா இருக்கிற பெண்ணுக்கு இழவு கொண்டாடிவிட்டோமே. பழசை யாருக்காவது கொடுத்திருப்பாள், அக்காவுக்கோ கூட வேலை செய்கிறவளுக்கோ. போனது அந்தப் புண்ணியவதியாக இருக்கும். குவியலைக் காலால் மேஜைக்கடியில் தள்ளிவிட்டு, உன் சட்டைகளை யாருக்காவது கொடுத்தாயா என்று பேச்சுவாக்கில் கேட்பது போலக் கேட்டாள்.

"நல்லா கேட்டீங்க போங்க. கட்டிக்கிட்ட மனுஷனைக் கேட்டாக்கூடக் குடுத்துடுவேன், சட்டையைக் குடுப்பேனா? எல்லாம் அலமாரியில பத்திரமா இருக்கு. காலைல ஒரு தடவை பார்த்துட்டுத்தானே வேலைக்குக் கிளம்பினேன்."

சொல்லிக்கொண்டே அவள், போன வாரம் பார்த்து வைத்திருந்த அரக்கு நிறச் சட்டையிடம் நேராகப் போனாள். காலரைத் தடவினாள். சீட்டைத் திருப்பிப் பார்த்தாள். இன்னும் நீலம்தான்.

அடுத்த வாரம் வந்து எடுத்துக்கொள்கிறேன், அதுவரை யார் கண்ணிலும் படாமல் உள்ளே தள்ளி வையுங்கள் என்றாள்.

கடைக்காரம்மா மேஜைக்கடியில் கிடந்த குவியலைப் பார்த்தாள். எழுந்து போய்க் கதவை உள்தாழ்ப்பாள் போட்டாள்.

என்னக்கா, அதுக்குள்ளே கடையைச் சாத்துகிறீர்கள் என்று அந்தப் பெண் சிரித்தாள்.

காலையில் அந்த மனிதர் இதே கதவருகே நின்று, போகிற போக்கில் ஒன்று சொல்லிவிட்டுப் போனார். துக்கத்தில் பேச்சுத் தடுமாறுகிறது என்றுதான் கடைக்காரம்மா அப்போது நினைத்தாள். பெண்டாட்டி போய்ச் சேர்ந்த பிறகும் 'போட்டிருந்தா' என்று சொல்ல நாக்கு வரவில்லையே, பாவம் என்று அவருக்காக உச்சுக்கொட்டவும் செய்தாள்.

"சாம்பல் கலர்ல ஒரு கோட்டு பாக்கி இருக்குங்க. இன்னைக்கு அதைப் போட்டிருக்கா. நாளைக்குக் கொண்டுவந்து தர்றேன்."