நிற்க முடியாதவள்

"எடையெல்லாம் வலது கால்ல போடுங்கக்கா. இடது காலைச் சும்மா வையுங்க."

கைப்பிடி வைத்த சின்ன மேடையில் நின்றேன். ஸ்கேன் எடுக்கும் பெண் குனிந்து என் தொடையில் குளிர்ந்த ஜெல்லைப் பூசினாள்.

கணுக்காலுக்கு மேலே ஒரு புண். ஒரு வருடமாக ஆறமாட்டேன் என்கிறது. கட்டுப் போடும் டாக்டர்தான் இன்னொரு தடவை ஸ்கேன் எடுத்தே ஆகவேண்டும் என்று பிடிவாதமாக அனுப்பினார்.

இன்னொரு தடவை. போன வருடம் இதே இடத்தில் எடுத்தோம். 'நார்மல்' என்று வந்தது.

அந்த ஒரு வார்த்தையை வைத்து என் கணவர் செய்த வியாபாரத்தை எங்கள் பாத்திரக்கடையில்கூடச் செய்ததில்லை. கால் வீங்குகிறது என்றால், "ஸ்கேனே நார்மல்னு சொல்லிருச்சு, உனக்கென்ன கேடு?" எரிகிறது என்றால், "நல்லா நடிக்கிற. டிக்கெட் போட்டா கடையைவிடக் கூட்டம் வரும்." வாடிக்கையாளர் முன்னாலேயே சொல்வார். அவர்களும் சிரித்த கடனுக்கு ஒரு கரண்டியாவது வாங்கிப் போவார்கள்.

இந்த முறையும் நார்மல் என்று வந்தால் இனி வீட்டில் கால் என்ற பேச்சையே எடுக்கக் கூடாது. வரும் வழியிலேயே கறாராகச் சொல்லிவிட்டார். சொல்லிவிட்டு, யாரிடமோ போனில் அண்டா விலை பேச வாசலிலேயே நின்றுவிட்டார்.

நான் மட்டும் உள்ளே வந்தேன்.

அவள் ஒரு கையால் கருவியைத் தொடையில் அழுத்தி, மறு கையால் கெண்டைக்காலை ஒரு பிழி பிழிந்தாள். மெஷினிலிருந்து 'உஷ்' என்று சத்தம். திரையில் நீலம் மேலே ஏறியது.

பிடியை விட்டாள்.

சத்தம் நிற்கவில்லை. 'ஸ்ஸ்ஸ்' என்று இறங்கிக்கொண்டே இருந்தது. நீலம் போன வழியெல்லாம் சிவப்பு.

"கால் ரத்தக்குழாய்ல இருக்கிற வால்வு மூடலக்கா. மேல போற ரத்தம் திரும்பக் கீழயே விழுது. அது தேங்கித்தான் புண்ணு ஆறல."

அழுகை வரும் என்று நினைத்தேன். வந்தது கோபம். உச்சந்தலை வரைக்கும்.

"அவரைக் கூப்பிடு. அவர் காதுபட இன்னொரு தடவை பிழி."

வந்தார். கேட்டார். விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டியே குடத்தில் கீறல் இருக்கிறதா என்று சொல்கிற மனிதர். அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"அப்ப போன வருஷம் எப்படி நார்மல்?"

"படுக்க வச்சுப் பாத்திருப்பாங்க சார். படுத்தா ரத்தம் விழறதுக்கு இடமில்ல. கெட்ட வால்வும் நல்ல வால்வு மாதிரிதான் தெரியும்."

ஆமாம். படுக்க வைத்துத்தான் பார்த்தார்கள்.

"என்னம்மா நடத்துறீங்க இங்க? ஒரு வருஷம்! இவ கால் என்ன உங்களுக்கு விளையாட்டுச் சாமானா?" மேசையில் ஓங்கி அடித்தார்.

நானும் பிடித்துக்கொண்டேன். அவர் மூச்சு வாங்கிய இடத்தில் நான் கத்தினேன், நான் விட்ட இடத்தில் அவர். ஒரு வருடத்தில் முதல் தடவையாக நாங்கள் இருவரும் ஒரே கட்சி. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த நேரத்திலும் அது எனக்கு இனித்தது.

அந்தப் பெண் பதறவில்லை. கருவியில் ஒட்டிய ஜெல்லைத் துடைத்தபடியே சொன்னாள்:

"இங்க எல்லாரையும் நிக்க வச்சுத்தான் சார் பாப்போம். நிக்கவே முடியாதுன்னு கூட வந்தவங்க சொன்னா மட்டும்தான் படுக்க வைப்போம்."

அவருடைய கை மேசையிலேயே தங்கிவிட்டது.

நான் அவரைப் பார்த்தேன். அவர் திரையைப் பார்த்தார்.

"அன்னிக்கி இந்த மேடைக்கு ஏகப்பட்ட பேர் காத்துக்கிட்டு இருந்தாங்க, கட்டில் காலியா இருந்துச்சு," என்றார். "கடையில கூட்டம் வர்ற நேரம். அதான்... இவளால நிக்க முடியாதுன்னு சொன்னேன்."

அன்று இங்கிருந்து நேரே கடைக்குத்தான் போனோம். அவர் கல்லாவில் உட்கார்ந்தார். ஷட்டர் இறங்கும் வரை நான் நின்றேன்.