பதினோரு மனுக்கள்

"அந்தச் சின்னக்கருப்பு மட்டும் இன்னைக்கு இந்தப் பக்கமே வரக்கூடாது!"

இன்ஜினியர் சூரியபிரகாஷ் உத்தரவு போட்டுவிட்டார். காரணம் இருந்தது.

வளரும் நாடுகள் ஐந்து கூடித் தொடங்கிய வங்கி ஒன்றின் உதவியில், உத்தமபாளையத்தை ஒட்டிய அந்த ஊருக்கு வீட்டுக்கு வீடு குடிநீர்க் குழாய் போட்டு ஒரு வருஷம் ஆகிறது. வேலையைப் பார்க்க இன்று வங்கியிலிருந்தே ஆள் வருகிறது.

காரிலிருந்து இறங்கினார் பிரேசில்காரப் பெண்மணி லூசியா. இறங்கியதும் ஏதோ கேட்டார். மொழிபெயர்க்க வந்த ஓவியா தமிழில் சொன்னாள்.

"சின்னக்கருப்பு யாருன்னு கேக்குறாங்க சார்."

சூரியபிரகாஷுக்கு வியர்த்தது. "அவரா? மனு எழுதுறதே அவருக்குப் பொழப்பு மேடம்."

"வங்கிக்கு அவருகிட்டேருந்து பதினோரு மனு வந்திருக்காம். எங்க வங்கியில அஞ்சு நாட்டுக்கும் ஒரே அளவு ஓட்டு, இங்கயும் ஒத்தை ஆளு சொன்னாலும் கேட்டுட்டுத்தான் போவேங்கிறாங்க."

வேறு வழியில்லை. வாழைத் தோட்டத்திலிருந்து மண்வெட்டியோடு வந்து நின்றார் சின்னக்கருப்பு.

"உங்க வீட்டுல எத்தனை நாளா தண்ணி வரல?" லூசியா கேட்டதை ஓவியா தமிழில் கேட்டாள்.

"எங்க வீட்டுலயா? அங்கன நல்லாத்தான் வருது."

சூரியபிரகாஷ் துள்ளினார். "பாத்தீங்களா மேடம், அத்தனையும் பொய் மனு!"

"அப்ப யாருக்காக எழுதுனீங்க?" லூசியா விடவில்லை.

"மேட்டுத் தெரு, கடைசி வீடு. மேடுங்கிறதால தண்ணி ஏற மாட்டேங்குது. அந்த வீட்டுப் பொண்ணு இடுப்புல புள்ளையோட தெருத்தெருவா குடத்தைத் தூக்கிட்டு அலையுது."

எல்லோரும் நடந்தார்கள். சின்னக்கருப்பு மட்டும் தெருமுனையிலேயே நின்றுகொண்டார்.

கடைசி வீட்டுக் குழாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. இதைச் சரிசெய்யாமல் வேலை முடிந்ததாகக் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார் லூசியா.

சூரியபிரகாஷுக்கு ஒன்றுதான் புரியவில்லை. வீட்டுக்காரர் பேச்சிமுத்துவைத் தனியே அழைத்தார்.

"நீங்க ஏன்யா மனு குடுக்கல?"

"ஆபீசருகள எதுக்குப் பகைச்சுக்கணும்னு பயம் சார். எங்களுக்காக எழுதுன மகராசன் யாரு சார்?"

"அந்தா, முனையில நிக்கிறாரே, அவருதான். உங்களுக்குச் சொந்தமா?"

பேச்சிமுத்து எட்டிப் பார்த்தார்.

"அவுகளா சார்? வரப்புத் தகராறுல பதினாலு வருஷமா என்னையக் கோர்ட்டுக்கு இழுத்துக்கிட்டு இருக்காகளே!"