"நல்லா இருக்கு"ன்னு சொல்லக் கூடாது

"என்ன வேணா சொல்லு, 'நல்லா இருக்கு'ன்னு மட்டும் சொல்லிடாதே. எங்க வீட்டு மேஜையில அது செல்லாது."

மாடிப்படி ஏறும்போதே மனைவியை எச்சரித்தான் அவன்.

"தெரியும். போன தடவை எங்கப்பா அதைத்தான் சொன்னார். 'நல்லான்னா எப்படி நல்லா?'ன்னு உங்கம்மா கேட்டாங்க பாருங்க, மனுஷன் அதோட கரண்டியைக் கீழ வெச்சவர்தான். இப்பவும் உங்க வீட்டுப் பேச்சை எடுத்தா ஒரு டம்ளர் தண்ணி கேக்கறார்."

"இன்னைக்கு நானே அம்மாகிட்ட பக்குவமாச் சொல்லிடறேன். இதோட நிறுத்திக்கச் சொல்றேன். போதுமா?"

"சொல்லுங்க. இல்லேன்னா அடுத்த தடவை நீங்க தனியாத்தான் வரணும்."

விளையாட்டாகச் சொல்லவில்லை என்பது அவனுக்குத் தெரியும்.

ஊர் உலகத்துச் சாப்பாட்டு வழக்கங்களைப் பற்றி எழுதுவதுதான் அவன் பிழைப்பு. எங்கே சூப்பை உறிஞ்சிக் குடித்தால் மரியாதை, எங்கே தட்டில் ஒரு வாய் மிச்சம் வைத்தால் வயிறு நிறைந்ததாக அர்த்தம், எங்கே மூத்தவர் தொடும்வரை இளையவர்கள் காத்திருக்க வேண்டும் என்றெல்லாம் மூன்று புத்தகம் போட்டவன். சொந்த வீட்டு வழக்கத்துக்கு மட்டும் அவனிடம் விளக்கம் கிடையாது. 'அம்மாவுக்குப் பாராட்டுன்னா கொஞ்சம் ஆசை' என்று நண்பர்களிடம் சிரித்துச் சமாளிப்பான்.

கதவைத் திறந்த அம்மா இருவரையும் நேராக மேஜைக்குத்தான் அழைத்துப் போனாள். அப்பா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். மீன் சூப் கிண்ணங்களில் ஆவி பறந்தது. ஆளுக்கொரு வாய் குடித்ததும் அம்மா இரண்டு கைகளையும் மேஜைமேல் வைத்துக்கொண்டு மகனைப் பார்த்தாள்.

"சொல்லு."

அந்த ஒரு வார்த்தை போதும், அவன் பழையபடி அரைக்கால் சட்டைக்குப் போய்விடுவான். அப்போதெல்லாம் அவனுக்கும் அக்காவுக்கும் இதில் கடும் போட்டி. "ரொட்டி மேல வெயில் வாசனை, உள்ள மழை வாசனை" என்பான் அவன். "முள்ளங்கி கோவமா இருக்கு, வெண்ணெய் வந்து சமாதானம் பண்ணுது" என்பாள் அக்கா. பாட்டுக் கேட்பவள் போல அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். எல்லாரும் சொல்லி முடித்த பிறகுதான் தன் கரண்டியை எடுப்பாள். அடுப்பு ரிப்பேர் செய்ய வந்தவர்கூட, கொடுத்த கேக்கைப் பற்றி நாலு வார்த்தை சொல்லாமல் வாசலைத் தாண்ட முடியாது. அம்மாவோடு சண்டை போட்டுக்கொண்டு முகத்தைத் தூக்கி வைத்திருக்கும் நாளிலும், அப்பா சூப்பைப் பற்றி மட்டும் விலாவாரியாகப் பேசிவிட்டு மறுபடி வாயை மூடிக்கொள்வார். என்ன சந்தோஷமான நாட்கள் அவை. அவனுக்கு எழுத்து வந்ததே இந்த மேஜையில்தான்.

பக்கத்தில் மனைவி மெல்லக் கனைத்தாள்.

"அம்மா, ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டியே?"

"ஏன், உப்பு தூக்கலா? கரிஞ்ச வாடை அடிக்குதா?"

"சூப்பைச் சொல்லலம்மா. நீ இப்படிக் கேக்கறதைச் சொல்றேன். வர்றவங்க சங்கடப்படறாங்க. பரீட்சை எழுதற மாதிரி இருக்குங்கறாங்க. நாங்களும் இன்னும் சின்னப் பசங்களா? எல்லாரும் நிம்மதியாச் சாப்பிடட்டுமே."

அம்மா மருமகள் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

"உங்கப்பாவைப் போட்டு ரொம்பப் படுத்திட்டேன் இல்லம்மா? நான் வருத்தப்பட்டேன்னு சொல்லு. இனிமே யாரையும் கேக்கலை."

"அய்யோ, பரவாயில்ல அத்தை" என்றாள் மருமகள். இவ்வளவு சுலபமாக முடியும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை.

அதன் பிறகு கரண்டிச் சத்தம் மட்டும்தான். வறுத்த உருளைக்கிழங்கு வந்தது, ஆப்பிள் கேக் வந்தது. யாரும் எதுவும் சொல்லவில்லை. அம்மா சூப்பை மட்டும் இரண்டு வாய் குடித்துவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். "காலையிலேர்ந்தே பசி இல்ல. நீங்க சாப்பிடுங்க" என்று எழுந்து, மொட்டை மாடியில் காயும் துணியை எடுக்கப் போனாள். நினைத்தது நடந்தும் அவன் கேக்கைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான்.

சமையலறையில் அப்பா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். அவன் துடைக்கும் துணியோடு பக்கத்தில் போய் நின்றான்.

"ஏன்டா அப்படிச் சொன்னே?"

"வேற வழி இல்லப்பா. பாராட்டைக் கேட்டு வாங்கறதுக்கும் ஒரு அளவு வேணாமா?"

"பாராட்டா? 'பிரமாதம்'னு சொல்லி என்னிக்காவது அவகிட்டேர்ந்து தப்பிச்சிருக்கியா நீ?"

அவன் யோசித்தான். இல்லை. 'பிரமாதமும்' அந்த மேஜையில் செல்லாதுதான்.

அப்பா குழாயை மூடினார். மாடிப்படியை ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"'பிள்ளைங்களுக்குத் தெரிஞ்சா பரிதாபப்பட்டு எதையாவது இட்டுக்கட்டிச் சொல்லுவாங்க, அப்புறம் அதுல எனக்கு என்ன இருக்கு?'ன்னு உங்கம்மா என் வாயைக் கட்டிட்டா. நீ கைக்குழந்தையா இருக்கறப்ப வந்த காய்ச்சல்ல அவளுக்கு ருசியும் வாசனையும் போனதுதான்டா, திரும்பவே இல்ல; நீங்க சொல்லச் சொல்லத்தான் இத்தனை வருஷமா அவ சாப்பிட்டா."