பெஞ்சு ஏன் அதிர்கிறது?

இயந்திரவியல் ஆராய்ச்சிப் படிப்பில் இருந்தது ஒரே ஓர் இடம். நேர்முகத்துக்கு ஒரே பெஞ்சில் காத்திருந்தவர்கள் இருவர்: ஓர் இளம்பெண்ணும், அவளைவிட மூத்த ஒருவரும். பெஞ்சில் வைத்த பாட்டில் தண்ணீர் விடாமல் நடுங்குவதைப் பார்த்து அவளுக்கு எரிச்சல் வந்தது.

"அண்ணா, காலை ஆட்டாம உக்காருங்களேன்."

"நான் எங்கம்மா ஆட்டினேன்?"

"நீளப் பலகை அண்ணா. ஓரத்துல ஆட்டினா நடுவுலதான் அதிகமாக் குலுங்கும்."

"சரி தாயே" என்று போட்டியாளர் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றார்.

தண்ணீர் அப்போதும் நடுங்கியது.

"மாடியில மெஷின் ஏதாவது ஓடுதா?" என்று அண்ணாந்து பார்த்தாள்.

"உன் ஆராய்ச்சித் தலைப்பு என்னம்மா?"

"அதிர்வு எங்கேருந்து கிளம்புதுன்னு கம்ப்யூட்டர்ல கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கறது."

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "அப்போ உள்ளே போறதுக்கு முன்னாடி, உன் முழங்காலைக் கொஞ்சம் பிடிச்சு நிறுத்து."