அத்தான் செய்த ஜன்னல்

"இந்தத் தடவை உன் தம்பியைக் கூப்பிட்டே, எனக்குக் கெட்ட கோபம் வரும்" என்று மனைவியிடம் கறாராகச் சொல்லிவிட்டார் பஸ் டிரைவர்.

எல்லாம் பூனையால் வந்தது. பேர் குண்டு. பேருக்கேற்ற உடம்பு. ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் அதற்கு வெளியே போயாக வேண்டும். போன ஐந்தாவது நிமிஷம் உள்ளே வந்தாக வேண்டும். டிரைவரின் மனைவி வீட்டிலேயே துணி தைப்பவள். ஒரு காலர் தைத்து முடிப்பதற்குள் மூன்று தடவை மெஷினை விட்டு எழுந்து கதவைத் திறந்துவிட வேண்டியிருந்தது.

கதவில் வழி வைக்கலாமென்றால், வாசல் கதவு கனத்த இரும்புத் தகடு. பின்கதவு எல்லோருக்கும் பொதுவான மாடிப்படியில் திறக்கிறது. தீப்பிடித்தால் புகையைத் தடுக்கிற கதவு. அதில் ஆணிகூட அடிக்கக் கூடாதென்று வீட்டுச் சொந்தக்காரர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மிச்சமிருந்தது மெஷினுக்குப் பக்கத்திலிருந்த தள்ளு ஜன்னல்தான்.

மனைவியின் தம்பி தச்சன். நல்ல வேலை தெரிந்தவன், அதில் டிரைவருக்குச் சந்தேகமில்லை. ஆனால் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் ஒரு ஸ்க்ரூகூட அவரை முடுக்க விட்டதில்லை. ஸ்டூல் ஆடினாலும் சரி, அலமாரி சாத்த மறுத்தாலும் சரி, "தள்ளுங்க அத்தான், உங்களுக்கு எதுக்கு இந்த வேலையெல்லாம்?" என்று கையிலிருப்பதைப் பிடுங்கிக்கொள்வான். டிரைவருக்குச் சுருக்கென்றிருக்கும். அவ்வளவு பெரிய பஸ்ஸை ஒரு சந்துக்குள் திருப்புகிறவனுக்கு ஒரு ஸ்க்ரூவைத் திருப்பத் தெரியாதா?

இரண்டு நாள் லீவு போட்டார். ஜன்னலை ஒரு சாண் திறந்து, அந்த இடைவெளிக்கு அளவாகப் பிளைவுட் பலகை அறுத்து நிறுத்தினார். பலகையின் அடியில் வட்டமாக ஓர் ஓட்டை. அதற்கு மூடியாக, டிப்போவில் கழித்துப்போட்ட ரப்பர் விரிப்பிலிருந்து வெட்டிய துண்டு. ஜன்னலை யாரும் வெளியிலிருந்து தள்ள முடியாதபடி கீழே ஒரு கட்டையும் வைத்தார். அதற்குள் கட்டை விரலில் இரண்டு சுத்தியலடி, உள்ளங்கையில் ஒரு கீறல்.

குண்டு முகர்ந்து பார்த்துவிட்டு வாசல் கதவண்டை போய் உட்கார்ந்துகொண்டது.

மூன்றாம் நாள் டிரைவர் வேலைக்குப் போய்விட்டுச் சாயந்திரம் திரும்பியபோது, அவர் கண் முன்னாலேயே ரப்பரைத் தலையால் முட்டித் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தது குண்டு. உடனேயே மறுபடி வெளியே போனது.

"பழகிடுச்சு" என்றாள் மனைவி, தைத்துக்கொண்டே.

அப்புறம் டிரைவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. பேப்பர் போடுகிறவரைக் கூப்பிட்டுக் காட்டினார். டிப்போவில் கண்டக்டர்களுக்குப் படம் போட்டு விளக்கினார். துணி தைக்கக் கொடுக்க வந்தவர்கள் ஜன்னலைப் பார்க்காமல் போக முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மச்சினன் சாப்பிட வந்தான். டிரைவர் அவனை நேரே ஜன்னலண்டை அழைத்துப் போய் நிறுத்தினார். அவன் பலகையை ஒரு பார்வை பார்த்தான். "நல்லாருக்கு அத்தான்" என்றான். அவ்வளவுதான். சாப்பாடு தயாரா என்று கேட்டுக்கொண்டே அக்காவிடம் போய்விட்டான்.

அவன் கிளம்பிப் போனதும் டிரைவர் பொரிந்து தள்ளினார். தன்னைத் தவிர இன்னொருத்தன் ஒரு வேலையை உருப்படியாகச் செய்துவிட்டால் இவனுக்குப் பொறுக்காது, வாய்விட்டு நாலு வார்த்தை பாராட்டினால் முத்தா உதிர்ந்துவிடும், எல்லாம் வயிற்றெரிச்சல் என்றார். மனைவி குனிந்த தலை நிமிராமல் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மாடி வீட்டு டீச்சர் வந்தார். புதிதாக ஒரு பூனைக்குட்டி எடுத்து வளர்க்கிறாராம். அவர் வீட்டு பால்கனி ஜன்னலுக்கும் இதேபோல் ஒரு வழி வேண்டுமாம். டிரைவருக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. நாளைக்கே ஆரம்பித்துவிடலாம் என்றார்.

டீச்சர் கொஞ்சம் தயங்கினார். "உங்க மச்சினரும் கூட வருவார் இல்லையா, சார்?"

"அவன் எதுக்கு?"

டீச்சர் டிரைவரின் மனைவியைப் பார்த்தார். மெஷின் நின்றுவிட்டது.

சொல்லக் கூடாதுதான், ஆனால் தன் குட்டி மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று இழுத்துக்கொண்டே டீச்சர் சொன்னார். அந்த மூன்றாம் நாள் மத்தியானம் குண்டு ஓட்டையில் பாதி உடம்போடு சிக்கிக்கொண்டு கத்தியதாம். மாடி வரைக்கும் கேட்டதாம். டீச்சர் ஓடி வந்து வால் பக்கம் பிடிக்க, டிரைவரின் மனைவி தலைப் பக்கம் பிடிக்க, ஒன்றும் நடக்கவில்லை. தம்பிக்குப் போன் போனது. கைவேலையைப் போட்டது போட்டபடி வந்தவன் பூனையை எடுத்துவிட்டு, இரண்டு மணி நேரம் உட்கார்ந்து ஓட்டையை ஒரு விரல் அகலப்படுத்தி, விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, ரப்பரை வெளிப்பக்கமாகச் சீவி மெல்லிசாக்கிவிட்டுப் போனானாம்.

"இதுக்குப் புதுசாவே ஒண்ணு போட்டுடலாமேன்னு நான்தான் கேட்டேன். ஒத்துக்கலை. 'அத்தான் லீவு போட்டு ஆசையா செஞ்சிருக்காரு, அவர் செஞ்சதாவே இருக்கட்டும். நான் வந்தேன்னு மட்டும் சொல்லிடாதீங்க'ன்னு எங்க ரெண்டு பேர்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டுப் போனார்."

டிரைவர் குனிந்து ஓட்டையின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார்.

"அவனையே வரச் சொல்றேன், டீச்சர். என் மச்சினன்ங்கிறதுக்காகச் சொல்லலை, அவனை மாதிரி ஒரு ஆளை நீங்க எங்கே தேடினாலும் பார்க்க முடியாது."