ஏணியைக் கட்டிய முடிச்சு

பர்னாந்து தன் பாய்மரப் படகின் பின்பக்கத்தில் ஓர் ஏணியைப் பொருத்தினார். கடலில் குளித்துவிட்டு ஏறி வருவதற்காக, நாலு கடை ஏறி இறங்கித் தேர்ந்தெடுத்த எவர்சில்வர் ஏணி. அதன் கடைசிப் படி தண்ணீருக்குள் முழங்கால் ஆழம் இறங்கி நின்றது. ஏணிக்கு அதுதான் பெருமை.

படகுக்குத்தான் பொறுக்கவில்லை. "தண்ணியில கிடந்து என் வேகத்தைக் கெடுக்குது. அலைக்கு அலை கடகடன்னு சத்தம் வேற," என்று முனகியது.

அந்தச் சத்தம் பர்னாந்துக்கும் பிடிக்கவில்லை. ஏணியை மேலே மடக்கி, தளத்துக் கம்பியோடு சேர்த்துக் கயிற்றால் இறுக்கி முடிச்சுப் போட்டார். இழுத்துப் பார்த்துவிட்டு, "அப்படியே இரு," என்று முடிச்சைத் தட்டிக்கொடுத்தார்.

"அவர் தண்ணிக்குள்ள இருந்தா இதை யாரு அவிழ்க்கிறது?" என்றது ஏணி.

"அவிழ்த்துவிட்டுக் குதிக்கத் தெரியாதா அவருக்கு?" என்றது படகு.

ஒருநாள் பர்னாந்து தனியாகக் கடலுக்கு வந்திருந்தார். கரை தெரியாத தூரத்தில் காற்று நின்று பாய் துவண்டது. உச்சி வெயில். வெக்கை தாங்காமல் சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டுக் குதித்தார்.

நீந்தித் திரும்பியவருக்கு ஏணி எட்டவில்லை. எம்பினார், படகின் வழவழப்பில் நகங்கள் வழுக்கின.

"அவிழ்ந்துடு, உன்னைக் கும்பிட்டுக் கேக்கிறேன்," என்று ஏணி முடிச்சிடம் கதறியது.

"அவர் போட்ட முடிச்சு நான். அவர் கை பட்டாத்தான் அவிழ்வேன்," என்றது முடிச்சு.

சாயங்காலம் வரை அவர் கை ஏணிக்கு ஒரு சாண் கீழே வந்து வந்து போனது. அப்புறம் வரவில்லை.

மூன்றாம் நாள் மீனவர்கள் படகைக் கரைக்கு இழுத்து வந்தார்கள். முடிச்சு மட்டும் கரையையே பார்த்துக்கொண்டிருந்தது, தட்டிக்கொடுக்க அவர் வருவார் என்று.